ஆறாம் பாடத்தின் பத்துக் கேள்விகள்

விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் வலது கை மாட்டியதில் இரண்டு விரல்கள் போயின. மீதி மூன்றும் மடங்கவில்லை. கடலூருக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில், கயிறு பிடிக்க முடியாத ஆணுக்குக் கடலில் வேலை கிடையாது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அதுவரை எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல நெடுநாள் இருந்ததில்லை. மங்களூர் படகுகள், குஜராத்தில் வேராவல் படகுகள், கொச்சியில் ஐஸ் கம்பெனி, நடுவில் கொஞ்ச நாள் கம்மாபுரத்தில் லாரி செட்டு. பிடிக்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பிடித்திருந்தும் கிளம்பியிருக்கிறேன். கை போனதும் அந்த வசதியும் போயிற்று. ஒற்றைக் கைக்காரனை எந்த ஊர்ப் படகு ஏற்றும்?

படகு என் தாய்மாமாவுடையது. கை மாட்டியபோது வின்ச்சை நிறுத்தியது அவருடைய மகன், என் மச்சான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டீசல், ஐஸ், படகின் பங்கு எல்லாம் போக மிஞ்சுவதை ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். படகில் அடிபட்டுக் கரையில் கிடப்பவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. எனக்கும் அப்படியே வந்தது. அதை வாங்கித்தான் சாப்பிட்டேன். கடலுக்குப் போய் வந்தவன் எவனைப் பார்த்தாலும் அவனுடைய சோற்றில் நான் கை வைத்திருப்பதுபோல இருக்கும்.

கடற்கரைச் சாலையில் இறால் குஞ்சு வளர்க்கும் பண்ணை ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் அதை ஹேச்சரி என்பார்கள். தீவன ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மேலாளர் முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டிகிரி இருக்கா?"

"பி.காம். ஒரு பேப்பர் நிக்குது சார்."

"அந்தப் பேப்பர முடிச்சிட்டு வாங்க. வெயில் காலம் வரைக்கும் ஆள் போடாம பாத்துக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் படித்தேன். கடைசி வருஷம் வணிகச் சட்டத் தேர்வு அன்று காலையில் மங்களூருக்குப் போக ரயில் ஏறினேன். வீட்டில் கஷ்டம் என்று சொல்லலாம். கஷ்டம் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு அம்மாள் இருந்தார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு என் பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்.

"இந்தப் பேப்பரே இப்ப சிலபஸ்ல இல்லீங்க. ஆனா பழைய அரியர்காரங்களுக்கு இந்த வருஷம் கடைசியா ஒரு சான்ஸ் குடுத்திருக்காங்க. ஆன்லைன்ல இதே சப்ஜெக்ட் இருக்கு. அத முடிச்சா கிரெடிட் உங்க பேருல ஏறிடும். ஏறினத எடுத்து இந்தப் பேப்பருக்கு ஈடா வச்சிடுவோம்."

"எங்க வந்து படிக்கணும்மா?"

"எங்கயும் வர வேணாம். போன் இருக்கில்ல? பாக்கறதுக்குக் காசு கெடையாது. கடைசிப் பரீட்சைக்கு மட்டும்தான் கொஞ்சம் ஃபீஸ்."

நான் எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

"ஓடாதீங்க. இந்தப் பாடத்த நாங்க ஏத்துக்கறோம்னு முதல்வர் கையெழுத்த மொதல்ல வாங்கிக்குங்க. வாங்காம படிச்சு முடிச்சிட்டு சர்டிபிகேட்டோட வந்து அழுதவங்கள நான் பாத்திருக்கேன்."

கையெழுத்து வாங்கிய பிறகுதான் என்னை விட்டார்.

பாடங்கள் பத்து. எல்லாம் முன்பே படம் பிடித்து வைத்தவை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்துக் கேள்விகள் இருக்கும். அவற்றுக்கு ஒரே ஒரு முறைதான் பதில் போடலாம். அந்த மதிப்பெண்களின் சராசரி பாதியாவது இருந்தால்தான் இறுதித் தேர்வுக்கு உட்கார விடுவார்கள். பாடம் நடத்தியவர் ஒரு பெண். நிதானமான தமிழில், ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்துப் பேசினார். கல்லூரியில் எனக்குப் புரியாதபோது கை தூக்கியதில்லை. இங்கே புரியாதபோது நிறுத்தினேன். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

என் அறையில் சிக்னல் வராது. வலைக் கொட்டகையில்தான் வரும். கடலுக்குப் போகாத நாட்களில் அங்கே மாமா, மச்சான் உட்படப் படகின் ஆட்கள் ஆறு பேரும் கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கவிழ்த்த மீன் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்தால் எல்லார் காதிலும் பாடம் விழும்.

"டீச்சரம்மா இன்னைக்குப் பச்சப் பொடவ," என்பான் மச்சான்.

"பொடவய உடுடா. என்ன சொல்றாங்கன்னு கேளு," என்பான் இன்னொருவன்.

"ஒப்பந்தம்னா ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டிருக்கணுமாம். மெரட்டி வாங்குனது செல்லாதாம்."

"அப்ப ஒன் கல்யாணம் செல்லாது."

"அவ மெரட்டலடா. அவ அண்ணங்காரனுங்கதான் மெரட்டுனானுங்க."

"யாரு மெரட்டுனாலும் செல்லாதாம். டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

மாமா சிரிக்க மாட்டார். வலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். ஒரு நாள் நான் பாதியில் நிறுத்தியபோது, "ஏன் நிறுத்திட்ட? அந்த மாடு வாங்குனவன் கத என்ன ஆச்சு?" என்றார். அது கதை இல்லை, உதாரணம். இருந்தாலும் போட்டுக் காட்டினேன்.

ஐந்து பாடங்கள் அப்படி முடிந்தன. மதிப்பெண்கள் சுமார்தான். நாலு வரும், ஐந்து வரும், ஒரு முறை ஆறு வந்தது. விளிம்பில் நடப்பது எனக்குப் பழக்கம் என்பதால் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அந்த நேரத்தில் கைக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். வார்டில் போன் திருடு போகும் என்று எல்லாரும் சொன்னதால் அதை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனேன். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. நினைத்ததைவிட அதிக நாள் படுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது கொட்டகையில் ஆறு பேரும் இருந்தார்கள். மச்சான் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டான். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"மச்சான், ஒன் வேல ஒண்ணும் நிக்கல. ஆறாம் பாடம் முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சுன்னா?"

"நாங்களே கேட்டு, நாங்களே பதிலும் போட்டுட்டோம். நீ பாட்டுக்கு அங்க படுத்துக் கெடந்தா பின்னாடி போயிடுவியேன்னு அப்பாதான் சொன்னாரு. ஒரு மத்தியானம் பூரா ஒக்காந்து பேசி, எல்லாரும் ஒத்துக்கிட்ட பிற்பாடுதான் ஒவ்வொண்ணா அமுக்குனேன்."

கரையில் கிடப்பவனுடைய பங்கு வேலையை மற்றவர்கள் சேர்ந்து இழுப்பது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. அதைச் செய்வதற்கு என்னைக் கேட்க வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றியிருக்காது.

போனை வாங்கிப் பார்த்தேன். பத்துக்கு இரண்டு.

"ரெண்டா?" என்றான் மச்சான். "ரெண்டு தப்பா, ரெண்டு சரியா?"

"ரெண்டு சரி."

"டேய், எடம் மாத்தி அமுக்கிட்டியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல. சொன்னதத்தான் அமுக்குனேன்."

சரியான விடைகள் இப்போது திறந்திருந்தன. வாசிக்கச் சொன்னார்கள். ஆறாம் பாடம் பங்குதாரர்களைப் பற்றியது. வாசித்தேன்.

லாபத்தில் பங்கு வாங்கும் தொழிலாளி அந்த ஒரு காரணத்தாலேயே பங்குதாரர் ஆவாரா? இவர்கள் போட்டது: ஆவார். சட்டம்: ஆகமாட்டார்.

"அப்ப நாங்கல்லாம் யாரு?" என்று ஒருவர் கேட்டார். யாரும் மாமாவின் பக்கம் திரும்பவில்லை.

வேறு ஒப்பந்தம் இல்லாதபோது ஒரு பங்குதாரர் இறந்துவிட்டால் கூட்டு என்ன ஆகும்? இவர்கள்: தொடரும். சட்டம்: கலைந்துவிடும்.

"கலஞ்சுட்டா அவன் பொண்டாட்டி புள்ளைக்கு யாரு போடுவா?"

"அத இவுங்க கேக்கல. கூட்டப் பத்தி மட்டும்தான் கேக்கறாங்க," என்றேன்.

"புள்ளைங்கள விட்டுட்டுக் கூட்டப் பத்தி மட்டும் எப்புடிக் கேக்கறது?"

எட்டாவது கேள்வியைக் கண்ணால் பார்த்ததும் வாசிக்காமல் தாண்டிவிட நினைத்தேன். மச்சான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பங்குதாரர் தம் வேலையைச் செய்ய நிரந்தரமாக இயலாதவராகிவிட்டால், கூட்டைக் கலைக்கும்படி மற்றவர்கள் நீதிமன்றத்தைக் கேட்கலாமா? இவர்கள்: கேட்கக் கூடாது. சட்டம்: கேட்கலாம்.



"இதுக்கு மட்டும் நேரமே ஆவல மச்சான்," என்றான் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து. "மத்ததுக்கெல்லாம் ஜாஸ்தி பேச்சு. இதுக்கு எல்லாரும் ஒரே வாயா சொன்னோம்."

நான் அவர்களைத் திட்டவில்லை. இரண்டு மதிப்பெண்ணால் சராசரி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது என்றும், மீதிப் பாடங்களில் நன்றாகச் செய்யாவிட்டால் தேர்வுக்கே விட மாட்டார்கள் என்றும், தேர்வு இல்லாவிட்டால் கிரெடிட் இல்லை, வேலையும் இல்லை என்றும் மட்டும் சொன்னேன்.

மாமா வலை ஊசியைக் கீழே வைத்தார். "தப்பு எங்களுது. போயிச் சொல்லிடுவோம். நீ போட்டது இல்லன்னு தெரிஞ்சா அத எடுத்துட்டு ஒன்ன மறுபடி எழுதச் சொல்லப் போறாங்க."

எங்கள் குப்பத்தில் அப்படித்தான். அடுத்தவன் வலையை ராத்திரியில் அறுத்துவிட்டவன் மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று நான்தான் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் அவனை ஒன்றும் கேட்பதில்லை. நான் சொன்னேன்: "மாமா, அங்க தலகீழ். வேற ஆளு போட்டதுன்னு தெரிஞ்சா பாடத்தையே ரத்து பண்ணிடுவாங்க. என் பேரையும் அடிச்சிடுவாங்க."

"உண்மையச் சொன்னவன எப்புடிடா அடிப்பான்?"

மறுநாள் காலையில் படகு கரையிலேயே நின்றது. எழுந்து தெருவுக்கு வந்தபோது ஆறு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓடிப் போய் அதே பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "நீ சும்மா வாடா, நான் பேசிக்கறேன்" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கல்லூரி அலுவலகத்தில் ஆறு பேரும் உள்ளே நுழைந்ததும் அந்த அறை நிறைந்துவிட்டது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற என்னையும் கட்டுப் போட்ட கையையும் பார்த்தார்.

"அம்மா, நாங்க கடலூர்ப் பக்கம்," என்று மாமா ஆரம்பித்தார். "இவன் என் அக்கா மவன். போன்ல இவன் படிக்கிற பாடத்துல ஆறாவது..."

"பெரியவரே, ஒரு நிமிஷம்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. சொல்லிட்டீங்கன்னா தெரிஞ்சுபோயிடும். தெரிஞ்சா நான் மேல எழுதியாகணும். எழுதினா இவரு இதுவரைக்கும் படிச்சது பூராவும் போயிடும். மறுபடி எழுதவெல்லாம் விட மாட்டாங்க. இப்ப சொல்லுங்க. நீங்க என்னவோ சொல்லணுமா?"

மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது. கடலில் எஞ்சின் நின்றுபோனபோதுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை. சொல்ல வந்த உண்மை வாய்க்குள் இருக்கிறது. அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் தெரியவில்லை. கடைசியில், "இல்லம்மா. ஒண்ணும் இல்ல" என்றார்.

"அப்ப எல்லாரும் எதுக்கு வந்தீங்க?"

மச்சான் முந்திக்கொண்டான். "கோயிலுக்கு வந்தோம்மா. அப்புடியே இவன் படிச்ச காலேஜையும் பாத்துட்டுப் போலாம்னு."

"அப்ப சீக்கிரம் போங்க. பன்னெண்டு மணிக்கு நட சாத்திடுவாங்க."

கதவைத் திறந்து விட்டார். நான் கடைசியாக வெளியே வந்தபோது, "மீதி நாலு பாடத்த ஒத்தையா ஒக்காந்து படிங்க" என்றார்.

கோயிலுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்கு வெளியே டீ வாங்கினோம். மாமா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். திரும்பப் பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் தாண்டிய பிறகு அவர் திரும்பாமலேயே கேட்டார்.

"அந்த எட்டாவது கேள்வி. நீயே ஒக்காந்து எழுதியிருந்தா என்ன போட்டிருப்ப?"

"டீச்சரம்மா சொன்னதத்தான் போட்டிருப்பேன் மாமா."

"கேக்கலாம்னா?"

"ம்."

கடலூர் ரசாயனத் தொழிற்சாலைகளின் வாடை அடிக்கத் தொடங்கியது. பிறகு, "மார்க்கு வரணுமில்ல" என்றார். எனக்காகச் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

அதற்குப் பிறகு கொட்டகையில் பாடம் போடவில்லை. பழைய துறைமுகத்துப் பக்கம் உடைந்த ஐஸ் பிளான்ட் ஒன்றின் சுவரோரம் சிக்னல் வரும். அங்கே உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது. நிறுத்திக் கேட்பதும் எழுதிப் பார்ப்பதுமாக, இடது கை எழுத்தும் ஓரளவு பழகியது. இரண்டு பாடங்களில் எட்டு வந்தது, ஒன்றில் ஒன்பது. பத்தாம் பாடம் முடிந்தபோது சராசரி பாதியைத் தொட்டுக் கொஞ்சம் மேலே நின்றது. ஆறாம் பாடத்தின் இரண்டும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் இருக்கிறது. அந்த இரண்டும் என்னுடையவை அல்ல. இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதை அந்த அம்மாள் எனக்கும் சேர்த்தே சொல்லியிருந்தார்.

இறுதித் தேர்வைக் கடலூரிலேயே ஒரு கணினி மையத்தில் எழுதினேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என் வயதில் பாதி. மௌஸை இடது பக்கம் மாற்றித் தரும்படி கேட்டேன். மாற்றித் தந்தார்கள். பங்குதாரர் பாடத்திலிருந்து வந்த கேள்விகளில் எங்கும் நான் தயங்கவில்லை.

முடிவு வந்தபோது வெயில் தொடங்கியிருந்தது. கிரெடிட் என் பேரில் ஏறியிருப்பதை போனில் பார்த்துவிட்டு சிதம்பரம் போனேன். அந்த அம்மாள் அதைத் தம் கணினியில் எடுத்து, பழைய தாளுக்கு நேரே வைத்து, அச்செடுத்து, முதல்வரிடம் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். "கை ஆறிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். அன்று வந்த ஆறு பேரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஹேச்சரியில் மேலாளர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார். வேலையில் சேரும் நாளுக்கு முந்தின வாரமே, இனி எனக்குப் பங்கு வைக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். சரி என்றார். அந்த வாரம் பிரித்தபோது வைக்கவில்லை. நான் கேட்டதுதான். ஆனாலும் படகு கிளம்பும் சத்தம் அன்று வேறு யாருடைய படகோ கிளம்புவதுபோலக் கேட்டது.

மச்சான்தான் பைக்கில் கொண்டு வந்து விட்டான். மேலாளர் இரண்டு தாள்களை நீட்டி, கீழே ஒரு இடத்தைக் காட்டினார். நான் மேலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

"இங்க யாரும் அத வாசிக்கறதில்லீங்க," என்றார் அவர்.

"வணிகச் சட்டம் படிச்சிட்டு வந்திருக்கேன் சார்."

அவர் சிரித்தார். ஏழாவது பத்தியில் இருந்தது: உடல்நலக் குறைவாலோ காயத்தாலோ தொடர்ந்து பணிக்கு வர இயலாதவரை நிர்வாகம் அன்றே விடுவிக்கலாம். அதன் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"அது எல்லாருக்கும் போடறதுதான்," என்றார். "உங்களுக்குன்னு எழுதல."

எனக்கென்று எழுதவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. ஒப்பந்தம் என்றால் இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொள்ள வேண்டும். யாரும் என்னை மிரட்டவில்லை. இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே மச்சான் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"அவ்வளவு நேரம் என்னத்தடா படிச்ச? என்ன எழுதியிருக்கு அதுல?"

"வேலைக்கு எடுத்துக்கிட்டதா எழுதியிருக்கு."

"அதுக்கு ரெண்டு பேப்பரா?" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். தொட்டிகளில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோரின் சாவியை வாங்க உள்ளே போனேன்.